நூற்று அறுபதாம் படி

தாழைமங்கலத்திலிருந்து பதினெட்டுப் பேர் கந்தியார் குன்றுக்குப் போய்வருவது என்று முடிவாகி, லூர்துமேரி டீச்சர் தன் எண்பது பக்க நோட்டில் பதினெட்டுப் பெயர்களையும் வரிசையாக எழுதி அடியில் ஒரு கோடு போட்டாள். மறுநாள் காலையில் அந்தப் பதினெட்டுப் பேருடைய உள்ளங்கால்களிலும் குன்றின் செம்மண் ஒட்டியிருந்தது.

யாரும் பெரிதாகக் கலவரப்படவில்லை. முதல்நாள் கழுவாமல் படுத்துவிட்டோம் போல என்று பத்துப் பேர் நினைத்துக்கொண்டார்கள். மிச்சப் பேர் போர்வையை உதறி வெயிலில் போட்டார்கள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே மண், அதோடு கெண்டைக்காலில் ஒரு மெல்லிய வலியும் சேர்ந்து வந்தபோதுதான் தையல்காரர் பச்சையப்பன் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள், அந்தக் குன்றுக்கு ஏற்கெனவே ஒரு தடவை போய்வந்தவள். தன் காலில் இருந்ததை விரலால் தொட்டு நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது அந்தப் படிக்கட்டு மண்தாங்க. முதல் நூறு படி இப்படித்தான் செக்கச்செவேல்னு இருக்கும்" என்றாள்.

கந்தியார் குன்று தாழைமங்கலத்திலிருந்து வேனில் மூன்று மணி நேரம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கந்தியார் என்று அழைக்கப்பட்ட சமணப் பெண் துறவிகள் ஐந்நூறு பேர் அங்கே தங்கிப் படித்தார்கள், படிப்பித்தார்கள், நோயாளிகளுக்கு மருந்து அரைத்துக் கொடுத்தார்கள், வயதானபோது அங்கேயே உண்ணாமல் கிடந்து உயிர்விட்டார்கள். இப்போது அந்தப் பள்ளியில் மிச்சமிருப்பது கூரையில்லாத ஒரு செங்கல் கூடம், இரண்டு குகைகள், பாறையில் செதுக்கிய கற்படுக்கைகள், வௌவால்கள். ஏறிப்போக முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். தாழைமங்கலத்தில் நயினார்கள் என்கிற தமிழ்ச் சமணர்கள் பத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அது முன்னோர்களின் இடம். மற்றவர்களுக்கு, டீச்சர் அவ்வளவு அழகாகச் சொன்ன இடம். நாற்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை புறப்படுவது, வேன் ஏழுமலையுடையது, புளிச்சோறும் தயிர்ச்சோறும் சத்துணவு அமைப்பாளர் சுநந்தாவின் பொறுப்பு என்று பேசியிருந்தார்கள்.

டீச்சர்தான் கணக்குப் போட்டாள். வலி ஏறுகிற அளவை வைத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு எட்டுப் படி. எட்டெட்டாய் ஏறினால் முப்பத்தொன்பது நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு முடிந்துவிடும். "நாம போறதுக்கு முன்னாடி நம்ம காலு போய்க்கிட்டு இருக்குது" என்றாள், பரீட்சைத் தேதியைச் சொல்வதுபோல. பச்சையப்பன் யோசித்துவிட்டு, "அப்படின்னா அன்னிக்கி ஏறும்போது மூச்சு வாங்காது இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு ஊர் அந்த மண்ணோடு வாழப் பழகிக்கொண்டது. போகிறவர்கள் வீட்டில் கட்டிலுக்கடியில் கோணிச்சாக்கு விரித்தார்கள், காலையில் அதை உதறிக் கத்தரிச் செடிக்குப் போட்டார்கள், கத்தரி நன்றாகக் காய்த்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா புதிதாக வந்தவள், முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தாள், அப்புறம் வலித் தைலம் எழுதிக் கொடுத்தாள், அப்புறம் பதினெட்டுப் பேரும் வந்தால் "எத்தனையாவது படி?" என்று கேட்டுவிட்டு அதற்குத் தக்கபடி தைலம் ஊற்றினாள். கோதண்டம் என்ற கொத்தனாருக்கு மட்டும் தன் பெண்டாட்டி எங்கேயோ எழுந்து போய்வருகிறாளோ என்று சந்தேகம். கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தான். காலையில் பூட்டு பூட்டினபடி இருந்தது, அவள் காலில் எட்டுப் படி மண்ணும் இருந்தது. மறுநாளிலிருந்து அவனே ஒரு குண்டான் வெந்நீர் வைத்து அவள் காலைக் கழுவிவிட ஆரம்பித்தான். பட்டியலில் இல்லாதவர்கள், தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

பட்டியலில் பதினேழாவது பெயர் சுநந்தா. பதினெட்டாவது பெயர் அவளுடைய நாத்தனார் சந்திரமதி.

சந்திரமதி எழுந்து நடந்து பதினோரு வருஷம் ஆயிற்று. ஒரு காலத்தில் கிராம நர்ஸாக ஏழு ஊர்களுக்கு நடந்தே போய்ப் பிரசவம் பார்த்தவள்; தாழைமங்கலத்தில் பன்னிரண்டு வயதிலிருந்து நாற்பது வயதுவரை உள்ள பாதிப் பேர் அவள் கையில்தான் விழுந்தார்கள், சுநந்தாவின் ஒரே மகனும் அப்படித்தான். மழைநாளில் ஒரு பிரசவத்துக்குப் போகும்போது ஓடைப் பாலத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போனது. கல்யாணம் கட்டாதவள் என்பதால் தம்பி தரணேந்திரன் வீட்டு ஜன்னலோரக் கட்டில் அவளுக்கானது. தம்பி மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவன், நல்லவன், அக்காவைப் பார்த்தால் கண் கலங்கி வெளியே போய்விடுவான். அதனால் குளிப்பாட்டுவது, துடைப்பது, பவுடர் போடுவது, புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் சுநந்தா. அலாரம் வைக்காமலே அவளுக்கு விழிப்பு வந்துவிடும். ஐம்பத்திரண்டு வயதில் அவள் கடைசியாக முழுசாகத் தூங்கியது எப்போது என்று கேட்டால் அவளுக்கே நினைவில்லை.

கந்தியார் குன்று என்ற பேச்சு வந்தபோது சுநந்தா தன் புருஷனிடம் கேட்டது ஒன்றுதான். "ஒரே ஒரு நாளு. அக்காவ நீ பாத்துக்குவியா?" அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பி அவள் பெயர் கொடுத்தாள். அன்று மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்தில் சாம்பார் இறக்கிக்கொண்டிருந்தபோது, டீச்சர் வீட்டுப்பக்கமாக நோட்டோடு போயிருக்கிறாள். ஜன்னல் வழியாகச் சந்திரமதி கூப்பிட்டு, "என் பேரையும் எழுதும்மா" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் மறுக்காமல் பதினெட்டாவதாக எழுதிக்கொண்டாள்.

முதல்நாள் காலையில் உடம்பு துடைக்க வந்த சுநந்தா, தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதங்களைப் பார்த்தபடி நின்றாள். பதினோரு வருஷமாகப் பச்சைப்பிள்ளையின் பாதம் மாதிரி மழமழவென்று வெளுத்துக் கிடந்தவை. இப்போது குதிகால் முழுக்கச் செம்மண்.

"கழுவாத. கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள் சந்திரமதி.

மூன்றாம் நாள் அவள் இன்னொன்று சொன்னாள். "சுநந்தா, எனக்குக் கெண்டக்கால் வலிக்குது." சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. அமுக்கிவிடச் சொன்னாள். சுநந்தா அமுக்கினாள். "இன்னும் நல்லா அமுக்கு. ஆமா, அங்கதான். ஐயோ, வலிக்குதுடி" என்று சந்திரமதி சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டரம்மா வந்து ஊசியால் குத்திப் பார்த்தாள். ஊசி தெரியவில்லை, ஏறின வலி மட்டும் தெரிந்தது. டாக்டரம்மா அதைச் சீட்டில் எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்: இந்த அம்மாவை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? நாற்காலியில் உட்காரவைத்துக் கட்ட, பச்சையப்பன் பழைய ஜீன்ஸ் துணியில் பட்டை தைத்துத் தருவதாகச் சொன்னார். கோதண்டம், தான் பட்டியலில் இல்லாவிட்டாலும், நல்ல மூங்கிலாக இரண்டு கழி வெட்டிக்கொண்டு வந்து சுவரில் சாத்திவிட்டுப் போனான்.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். சுநந்தாவும் சந்தோஷமாக இருக்கத்தான் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த ஒரு நாள் அவள் கண்முன்னால் கரைந்துகொண்டே வந்தது. வேனில் மாற்றுத்துணி, பேசின், ரப்பர் விரிப்பு, மருந்து டப்பா. படி ஏறும்போது முன்னால் போகும் நாற்காலியையே பார்த்துக்கொண்டு அவள். மேலே போனதும் எந்தக் கல்லை எந்தச் சுவரை அவள் பார்க்கப்போகிறாள், இரண்டு மணிக்கொரு தடவை புரட்டத்தானே போகிறாள். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் தன் வாயே தன்னைச் சபிக்கும் என்று நினைத்தாள்.

இருபதாம் நாள் சாயங்காலம் சோற்றுக் கணக்குப் பேச டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் டீ போட உள்ளே போனபோது நோட்டு மேஜைமேல் திறந்து கிடந்தது, அதன்மேல் பேனாவும் இருந்தது. சுநந்தா பேனாவை எடுத்து, பதினெட்டாவது பெயரின்மேல் ஒரு கோடு போட்டாள். மெல்லிய கோடுதான், முடி மாதிரி. டீ குடித்துவிட்டு வந்தாள். டீ ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை சந்திரமதியின் பாதங்கள் வெளுத்துக் கிடந்தன. ஒரு துகள் இல்லை.

சந்திரமதி தலையைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி தலையணையில் சாய்ந்துகொண்டாள். "வலியும் இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போர்வைய இழுத்துக் காலை மூடிடும்மா" என்றாள். அன்றைக்கு வந்த பெண்களிடம் தூக்கம் வருகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அடுத்த நாளும் அப்படி. மூன்றாம் நாளும் அப்படி. அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொடுத்ததைச் சாப்பிட்டு, புரட்டினபடி புரண்டு கிடந்தாள். சுநந்தாவின் கால்களோ ஏறிக்கொண்டேயிருந்தன. நூறு படி தாண்டியதும் செம்மண் போய் வெள்ளைக்கல் பொடி வந்திருந்தது. நூற்று எண்பதைத் தாண்டியதும் அது கறுத்து வௌவால் நெடி அடித்தது. அவள் தன் காலைப் புறக்கடையில் ஒளித்துக் கழுவினாள். ஒவ்வொரு நாளும் எட்டுப் படி வலிதான் வரவேண்டும், அவளுக்கு மட்டும் அதைவிட அதிகமாக வந்தது. கல்லைச் சுமந்து ஏறினது மாதிரி இடுப்பு கழன்றது.

நான்காம் நாள் மத்தியானம், பள்ளிக்கூடத்துப் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க பேர நான்தான் அடிச்சேன்."

சந்திரமதி ஜன்னலைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அன்னிலேந்து என்னைத் துடைக்கும்போது முழங்காலோட நிறுத்திக்கிற. அதுக்குக் கீழ உன் கை போவவே இல்ல."

சுநந்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சந்திரமதி முகத்தைத் திருப்பினாள். கோபம் இருக்கும் என்று சுநந்தா எதிர்பார்த்தாள். அங்கே களைப்புதான் இருந்தது, கூடவே பிரசவ அறையில் பெண்களிடம் பேசுகிற அந்தப் பழைய குரலும்.

"பதினோரு வருசத்துல ஒரு நாளு என்னைப் பாக்காம இருக்கணும்னு உனக்குத் தோணியிருக்குது. எனக்கா இருந்தா முதல் மாசமே தோணியிருக்கும். நீ கேட்டிருந்தா நானே அடிக்கச் சொல்லியிருப்பேன். கேக்காம செஞ்சதுதான் எனக்கு வலிச்சுது."

"இப்பவே போய் எழுதிட்டு வர்றேன்."

"எழுது. ஆனா ஒண்ணு. மேல போனதுக்கப்புறம் நீ என்னைத் தொடக்கூடாது. புரட்டறது, துடைக்கிறது, எதுவா இருந்தாலும் என் தம்பி செய்யட்டும். அழுதுகிட்டே செய்யட்டும், பரவால்ல. நீ உன் பாட்டுக்கு எங்கியாவது போய்ப் பாரு."

சுநந்தா டீச்சர் வீட்டுக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். டீச்சர் திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எழுதிடலாம். ஆனா நாம இருபத்திநாலு நாள் ஏறிட்டோம். அவங்க இருபதுல நிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவங்களால மேல வந்து சேர முடியாதே."

அன்று சாயங்காலமே எட்டாம் வகுப்பு அறையில் எல்லாரும் கூடினார்கள். யார் கோடு போட்டது என்று டீச்சர் சொல்லவில்லை; சுநந்தாவே எழுந்து சொன்னாள்.  பின்வரிசையில் இருந்த கோதண்டத்தின் பெண்டாட்டி, அந்தத் தப்பைத் தானே செய்துவிட்டவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். பச்சையப்பன்தான் முதலில் பேசினார்.

"நாலு நாள் தள்ளி வெச்சா வியாழக்கிழமை வருது. எனக்கு அன்னிக்கி ஒரு கல்யாண ஜாக்கெட்டு குடுக்கணும். பொண்ணு வீட்டுல சொல்லிக்கிறேன். என்னைப் பெத்தப்போ எங்கம்மா செத்துப் பொழைச்சவங்க, அந்த அம்மாதான் ரெண்டு பேரையும் காப்பாத்துனாங்க. நாலு நாளு பெரிசா?"

ஒருத்தருக்கு அன்று நிச்சயதார்த்தம், ஒருத்தருக்கு நூறுநாள் வேலை, ஏழுமலைக்கு வேறொரு சவாரி. ஒவ்வொன்றாகப் பேசி நகர்த்தினார்கள். டீச்சர் நோட்டில் ஞாயிற்றை அடித்து வியாழன் என்று எழுதினாள், அதன் கீழே பதினெட்டாவது பெயரைப் புதிதாக, பெரிய எழுத்தில் எழுதினாள்.

மறுநாள் காலையில் சந்திரமதியின் காலில் வெள்ளைக்கல் பொடி இருந்தது. சுநந்தா அதைப் பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்த்தாள். முந்தினநாள் வரை கறுத்திருந்த பாதங்களில் இப்போது அதே வெள்ளைப் பொடி. வலி கெண்டைக்காலில் இல்லை, முழங்காலுக்கு முன்பக்கம் இருந்தது. இறங்கினால் வருகிற வலி. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே மண்தான் வந்தது. மற்றவர்கள் முப்பத்தொன்பதாம் நாளிலேயே உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்ச நாலு நாளும் காலையில் கால் வலி இல்லாமல், சட்டை முதுகிலும் புடவைப் பின்புறத்திலும் செங்கல் பொடியோடு எழுந்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து யாருக்காகவோ காத்திருந்தவர்கள் மாதிரி.

வியாழக்கிழமை விடிந்ததும் வேன் கிளம்பியது, ஒன்பது மணிக்குக் குன்றடிக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்காலியில் மூங்கில் கழிகளைச் செருகி, பச்சையப்பன் தைத்த பட்டையால் சந்திரமதியை இடுப்போடு கட்டி, தரணேந்திரனும் ஏழுமலையும் முன்னாலும், பச்சையப்பனும் இன்னொருத்தரும் பின்னாலுமாகத் தூக்கினார்கள். படிகளைப் பார்த்ததும் எல்லாரும் சற்று நின்றார்கள். படியெங்கும் காலடித் தடங்கள், சின்னதும் பெரியதுமாக, மேல்நோக்கிப் போயிருந்தன. அவரவர் தடத்தை அவரவர் கால் கண்டுகொண்டது. அதன்மேலேயே மிதித்து ஏறினார்கள், ஒருத்தருக்கும் மூச்சு வாங்கவில்லை. பட்டியலில் பெயர் இல்லாத தரணேந்திரனுக்கும் ஏழுமலைக்கும் மட்டும் நாக்குத் தள்ளியது.

நூற்று அறுபதாம் படியில் சந்திரமதி, "இங்க கொஞ்சம் எறக்குப்பா" என்றாள்.

அந்தப் படியில் வெள்ளைப் பொடி ஓரிடத்தில் ஆழமாக அழுந்தியிருந்தது. இரண்டு பாதங்கள், பக்கம் பக்கமாக, நகராமல் நெடுநேரம் நின்ற தடம். குதிகால் பதிந்த குழியில் பனி காய்ந்த கறை, காற்றில் வந்து விழுந்த சருகு. உட்கார்ந்ததற்கு அடையாளமே இல்லை. மேலேயிருந்து இன்னொரு ஜோடித் தடம் இறங்கிவந்து அதன் பக்கத்தில் நின்று, பிறகு இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தன.

சுநந்தா அந்தக் குழியைத் தொட்டாள். "நாலு நாளும் இங்கியேவா நின்னீங்க?"

"வேற எங்க போறது? பேரு இல்லாம மேலயும் போவ முடியல. ஏறின படிய எறங்கவும் மனசு வரல."

"உக்காந்திருக்கலாம் இல்லக்கா."

"பதினோரு வருசமா படுத்துக் கெடந்தவளுக்கு நிக்கிறது கஷ்டமாடி? நின்னேன். கீழ ஊரெல்லாம் தெரிஞ்சுது. நல்லாத்தான் இருந்துச்சு."

சுநந்தா அழுது முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு நாற்காலியைத் தூக்கினார்கள்.

மேலே கூரையில்லாத கூடத்தில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. டீச்சர் எல்லாரையும் சுற்றி அழைத்துப் போய், கந்தியார் உட்கார்ந்து படித்த இடம், மருந்து அரைத்த குழி, சுவரில் தேய்ந்துபோன எழுத்து என்று காட்டினாள். குகைக்குள் ஏழு கற்படுக்கைகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் தலைவைக்கக் கல்லிலேயே ஒரு சின்ன மேடு. தரணேந்திரன் அழுதுகொண்டே தன் அக்காவைப் பட்டை அவிழ்த்துத் தூக்கி ஒரு படுக்கையில் விரிப்பு போட்டுச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தான். சரியாகத்தான் செய்தான். சுநந்தா எழுந்து உதவப் போனாள்.

"சொன்னேனில்ல. நீ போய்ச் சுத்திப் பாரு" என்றாள் சந்திரமதி.

சுநந்தா வாசல்வரை போனாள், வெயிலைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். பார்ப்பதற்கு நிறைய இருந்தது; அவளுக்கு ஒன்றையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கற்படுக்கையில் உட்கார்ந்தாள். கல் குளிர்ச்சியாக இருந்தது. படுத்துக்கொண்டாள்.

"ரெண்டு மணிக்கு எழுப்புங்கக்கா. உங்கள..."

"தம்பி பாத்துக்குவான். நீ தூங்கு. நான் முழிச்சிருக்கேன்."

சுநந்தா தூங்கிப்போனாள். சோற்றுப் பொட்டலம் பிரித்தபோதும் எழவில்லை, வௌவால் கூட்டம் தலைக்குமேல் இடம் மாறியபோதும் எழவில்லை, தரணேந்திரன் இரண்டு தடவை வந்து அக்காவைப் பக்கம் மாற்றிச் சாய்த்தபோதும் எழவில்லை. நான்கு மணிக்கு ஏழுமலை குகை வாசலில் வந்து நின்று, இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தான். சந்திரமதி உதட்டில் விரலை வைத்தாள். அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான். வெளியே மற்றவர்கள் படிகளில் வரிசையாக உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு, பிறகு அதையும் விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். உள்ளே சந்திரமதி முந்தானையால் மெல்ல வீசி, தூங்குகிறவள் முகத்தில் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டாள்.